‘வாங்க’ சொன்ன கான்டெஸா

முதலில் எனக்குத் தீங்கு செய்தவர் அர்த்தநாரி. என் மனைவி பாவாத்தாளுக்குக் கூடப் பிறந்த அண்ணன், எனக்கு மச்சான், எங்கள் கல்லாங்காட்டுப் புதூருக்குக் கிழக்கே மேட்டில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். மரியாதையில் நான் குறை வைக்கிற ஆள் இல்லை, அதனால்தான் இங்கேயும் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். அவருக்கு அப்புறம் தீங்கு செய்தவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள், அவர்களை நான் மறந்துவிடவில்லை, ஆனால் முதல் ஆள் அவர்தான் என்பதில் யாரும் மாற்றிப் பேச வேண்டாம், அவர் வீட்டார் வேறு மாதிரி சொல்லுவார்கள், நான்தான் முதலில் செய்தேன் என்பார்கள், அது பொய்.

அவருடைய மகள் சுகந்தியின் கல்யாணத்துக்குப் பெண்ணை மண்டபத்துக்குக் கூட்டிப் போனது என் கான்டெஸா கார். வெள்ளை வண்டி, மில் முதலாளி ஒருவர் வைத்திருந்து நான் வாங்கியது, அந்த வட்டாரத்தில் முகூர்த்தம் என்றால் பூக்காரருக்கு அடுத்து என்னைத்தான் தேடி வருவார்கள். அதன் ஏசி அப்போதே கிழடாகியிருந்தது. நான் முன்கூட்டியே சொன்னேன். “மச்சான், ஏசில குளிரு வர்றதில்லீங்க, கண்ணாடிய எறக்கி உட்டுக்கலாமுங்க” என்று வாயைத் திறந்து சொன்னேன். அவர், “அதென்னங் மாப்ளே, ஏசி வண்டியில கண்ணாடிய எறக்கிட்டுப் போனா ரோட்டுல போறவனுக்கு ஏசி வண்டின்னு எப்படித் தெரியும்? ஏத்துங்க கண்ணாடிய” என்றார். ஏற்றினேன். சித்திரை மாதத்துக் கண்ணாடி மூடிய வண்டிக்குள் பெண் உருகினாள், பவுடர் உருகியது, மை உருகியது, தலையில் இருந்த முல்லை வதங்கித் தொங்கியது, மண்டப வாசலில் அவள் இறங்கும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, “பொண்ணு கெணத்துல குதிச்சுட்டு நேரா வர்றாளாட்டம் இருக்குது” என்றாள், அத்தனை ஜனமும் சிரித்தது.

அர்த்தநாரி சிரிக்கவில்லை. பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வைத்த மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, வந்தவர்களை வரவேற்றார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு, நானும் எல்லாரையும் போல வாசல் வழியாகத்தான் வந்தேன். எனக்கு முன்னால் போன உரக்கடைக்காரரிடம் “வாங்க, வாங்க” என்றார். எனக்குப் பின்னால் வந்த, யாரென்றே அவருக்குத் தெரியாத ஒரு ஆளிடம் “வாங்க” என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைத் தாண்டி, என் பின்னால் இருந்த வாழை மரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சமையல் ஆளைக் கூப்பிட்டு, “டிரைவருங்களுக்குப் பந்தி பொறத்தாண்ட, காட்டி உடு” என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சீமையில் பகையாளி வாசலுக்கு வந்தாலும் ‘வாங்க’ என்று சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்போம். நிலத்தை எழுதிக் கொடுக்காதவனை மன்னிப்பார்கள், பொண்ணைக் கொடுக்காதவனை மன்னிப்பார்கள், வாசலில் நின்றவனை ‘வாங்க’ என்று சொல்லாதவனை மன்னித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் சாப்பிடாமல் திரும்பினேன். அர்த்தநாரி தன் வாயால் ‘வாங்க மாப்ளே’ என்று சொல்கிற வரைக்கும் அவர் வாசலை மிதிப்பதில்லை என்று வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பாவாத்தாளைப் போகாதே என்று நான் சொன்னதில்லை. போவதானால் தனியாகப் போ என்றேன். அவள் தனியாகப் போகவில்லை, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வருஷங்கள் போயின. அவர் வீட்டில் நல்லது நடந்தது, நான் போகவில்லை. என் வீட்டில் நல்லது நடந்தது, அவர் ஒரு முறை வந்து வாசலில் நின்றார், நான் தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தேன், அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது அவர் போயிருந்தார். கான்டெஸா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கல்யாணங்களுக்குப் போனது, பிறகு கல்யாணக்காரர்கள் புது வண்டிகளைத் தேடிப் போனார்கள், கான்டெஸா என் வீட்டை ஒட்டின ரோட்டோரத்து ஓட்டுச் சாளைக் கொட்டகையில் நின்றது, நானும் அதன் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தேன். இருந்து இருந்து ஒரு நாள் எனக்குத் தோன்றியது, அந்த ஏசியைச் சரிபண்ணிவிட்டால் அவருக்குச் சொல்ல ஒரு சாக்கும் மிச்சமிருக்காது.

கரூரிலிருந்து அன்வர்தீன் வந்தார். வண்டி ஏசிக்காரர், அவருடைய மரியாதை ஊர் முழுக்கத் தெரிந்தது, குறுக்கே வந்த நாயைக்கூட “போங்க, அக்கட்டால போங்க” என்றுதான் விரட்டுவார். பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பாய் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்ணா, இது ஏசி இல்ல, ஏசியோட எலும்பு” என்றார். பழைய கம்ப்ரஸர் கல்லுரல் கனம் இருந்தது, அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது வண்டிகளில் வருகிற சின்னக் கம்ப்ரஸரைத் தாங்கி செய்து மாட்டினார். பழைய கேஸ் இப்போது கிடைப்பதில்லை, புது கேஸுக்கு ஆயிலும் வேறு, ரப்பர் வளையங்களும் வேறு, முன்னால் நிற்கிற கண்டென்ஸரும் பெரிதாக வேண்டும் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் டேஷ்போர்டைப் பிரித்து உள்ளே இருந்த கூலிங் காயில் பெட்டியைத் திறந்தார். உள்ளே காய்ந்த முல்லை இருந்தது, மஞ்சள் அரிசி இருந்தது, சந்தனப் பொடி இருந்தது, எத்தனையோ மண்டப வாசல்களில் அந்த வண்டி உள்ளே இழுத்த காற்று கொண்டுவந்து சேர்த்தது எல்லாம் இறுகிப்போய் இருந்தது. “இதயும் புதுசா மாத்திரலாங்ணா” என்றார். “மாத்தக் கூடாது, கழுவி மாட்டுங்க” என்றேன், ஏனென்றால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அர்த்தநாரி, அது வேற வண்டி என்று சொல்லிவிடுவார். கழுவி மாட்டினார். குழாய்களில் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்துவிட்டு, கேஸை உள்ளே விடும்போது, அவருடைய வழக்கப்படி அதையும், “வாங்க, வாங்க, உள்ள வாங்க” என்று கூப்பிட்டார். கேஸ் உள்ளே போனது. குளிர் வந்தது.

குளிரோடு ‘வாங்க’வும் வந்தது.

முதலில் கேட்டது டீக்கடை பழனாத்தாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், டீ கொண்டுவந்தவள் இடது பக்கத்துக் கதவைத் திறந்தாள். டேஷ்போர்டில் ஏசிக் காற்று வருகிற சின்ன ஜன்னலிலிருந்து, “வாங்கத்தை” என்று திருப்பூரில் இருக்கிற அவளுடைய மருமகளின் குரல் வந்தது. பழனாத்தாள் டீயை என் கையில் கொடுத்தாள். “நாலு வருசமா அவ ஊட்டுக்குப் போறேன், ஒரு நாளு சொன்னதில்ல” என்றாள். “இப்பத்தான் புத்தி வந்துருக்குது. டம்ளரக் குடுத்துரு, கழுவோணும்.” அவ்வளவுதான். போய்விட்டாள்.

அடுத்த நாள் பழனாத்தாளின் அக்கா வந்து கதவைத் திறந்தாள், செத்துப்போன தம்பி “வாக்கா” என்றான், அவள் மடியை விரித்து அந்தக் குளிரை வாங்கிக்கொண்டு போனாள். அதற்கடுத்து ஊரே வந்தது. கதவைத் திறக்கிறவருக்கு யார் ‘வாங்க’ சொல்லாமல் விட்டிருந்தார்களோ அவர்களுடைய குரலில், அவர்களுடைய இழுப்போடு, அவர்களுக்குச் சளி இருந்தால் சளியோடு, கான்டெஸா சொன்னது. பங்குனி வெயிலுக்கே கருவேலங்காடு வெளுத்துக் கிடந்தது, ஊரில் வேறு எங்கும் ஏசி கிடையாது, குளிருக்கு வந்தவர்கள் வார்த்தைக்கு நின்றார்கள், வார்த்தைக்கு வந்தவர்கள் குளிருக்கு நின்றார்கள். பெட்ரோலைத் தண்ணீர்ப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, கோயிலுக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி டேங்கில் ஊற்றினார்கள். பால்காரர் வண்டிக்குள் பால் கேனை வைத்தார், பூக்காரி பின் சீட்டில் கூடையை வைத்தாள், எங்கேயோ ஒரு மாமியாரின் குரல் “வா கண்ணு” என்று பூக்கூடைக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவள் சரத்தைக் கட்டி முடித்துவிட்டாள். யாரும் அதிசயப்படவில்லை. வெளியூர்ப் பஸ் டிரைவர் ஒருவர்தான் வண்டிக்கு அடியில் குனிந்து ஸ்பீக்கர் இருக்கிறதா என்று தேடினார், பழனாத்தாள் அவரிடம், “டேப்புல பாட்டுத்தான் வரும், பாசம் வருமா? எந்திரிங்க, சட்டையெல்லாம் கிரீசு” என்றாள்.

பேசாமல் இருந்த பங்காளிகள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வலது கதவையும் இடது கதவையும் திறந்தார்கள். இவனுக்கு அவன் குரலும் அவனுக்கு இவன் குரலும் வந்தது. இருவரும் கதவைச் சாத்தினார்கள். சமாதானம் ஆகிவிடும் என்று கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. “சொல்லிட்டானில்ல, அது போதும்” என்று இவன் போனான். “மொதல்ல சொன்னது அவன்தான்” என்று அவன் போனான். அப்புறமும் பேசவில்லை, ஆனால் நன்றாகத் தூங்கினார்கள்.

எனக்கு மட்டும் சொல்லவில்லை. காலையில் முதல் ஆளாகக் கதவைத் திறந்தேன், குளிர் அடித்தது, வெறும் குளிர். முன் கதவைத் திறந்தேன், பின் கதவைத் திறந்தேன், ஊரான் மாதிரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டிலிருந்து நடந்து வந்து திறந்தேன். வண்டி என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. பழனாத்தாள்தான் இதற்குக் காரணம் கண்டுபிடித்தாள்.

“ஏஞ்சாமி சென்னியப்பா, உன்ர ஊட்டுக்குள்ள நீ போனா உன்னய யாரு வாங்கன்னு கேப்பாங்க? சொந்தக்காரனுக்கு எந்த ஊட்டுலயும் வாங்க கெடையாது.”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“வண்டிய வேற யாருக்காச்சும் எழுதிக் குடுத்துட்டு, ஒறம்பரையா, விருந்தாளியா வந்து நில்லு. அப்பச் சொல்லும்.”

“எம்பட வண்டியக் குடுத்துட்டு அர்த்தநாரிகிட்ட வாங்க வாங்கோணுமா? எனக்கு அவர் வாயில வரோணும். வண்டி வாயில வேண்டாம்.”

“அப்ப உக்காரு. குளிரு வருதல்ல, அது போதுமுன்னு உக்காரு.”

பாவாத்தாள் வெகு நாள் அந்த வண்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. ஒரு மத்தியானம் சோறு கொண்டுவந்தாள், கூட்டம் கலைந்திருந்தது, தூக்குப்போசியை உள்ளே வைக்கக் கதவைத் திறந்தாள். “வா பாவாத்தா” என்று வந்தது. என் குரல். அவள் தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றாள். நான் எப்போதாவது சொல்லியிருப்பேன், அவளுக்கு ஞாபகம் இருக்காது. கட்டின மனைவியை யார் வா என்று வரவேற்றுக்கொண்டிருக்கிறார்கள், அது வண்டியின் கோளாறு. அவள் நிமிர்ந்து, “கொரலு நல்லாத்தானுங்க இருக்குது, நேர்ல வரும்போதுதான் அப்படி இருக்கறதில்ல” என்றாள். சோறு ஆறிவிட்டது என்று நான் சொன்னேன்.

நாள் போகப் போக ஊரில் ஒரு பழக்கம் வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் ‘வாங்க’ என்று சொல்வதை விட்டார்கள். சீர் வீட்டிலும் சடங்கு வீட்டிலும் வாசலில் நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, “வண்டியில கேட்டுக்கங்க” என்றார்கள். விருந்தாளிகள் சாளைக்கு வந்து ‘வாங்க’வைக் கேட்டுக்கொண்டு, அப்புறம் சாப்பிடப் போனார்கள். ‘வாங்க’ கடன்பட்டவர்களுக்கு இன்னொரு கஷ்டம். யார் யாருக்குச் சொல்லவில்லை என்பது கூட்டத்துக்கு முன்னால் அவரவர் குரலிலேயே வெளிவந்தது. கடைவீதியில் பெரிய மனிதராக நடந்தவரின் குரல், அவர் வீட்டுக்கு வேலைக்கு வந்த கிழவிக்கு “வாங்கம்மா” என்றது, எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியர் ஒருவரின் குரல் அவருடைய சொந்த அப்பாவுக்குச் சொன்னது. அவர்கள் சாயங்காலமாகத் தனித்தனியே வந்து வண்டியைச் சுற்றி நடந்தார்கள். ஒருவர், “எங்கொரல எங்கிட்டக் கேக்காம எடுக்க இது யாரு?” என்று டயரை உதைத்தார். ஒருநாள் காலையில் பின் கண்ணாடியில் கல் விழுந்த விரிசல் இருந்தது. நான் கட்டிலை வண்டிக்குக் குறுக்கே போட்டுக்கொண்டேன், பக்கத்தில் கடப்பாரையை வைத்துக்கொண்டேன்.

அர்த்தநாரி தன் மகன் நந்தகோபாலை அனுப்பினார். அவன் வண்டியைத் தொடாமல் தூரத்தில் நின்றான்.

“மாமா, அப்பன் ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க.”

“கேளு.”

“இந்த வண்டி அவரு கொரல்ல ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?”

“ஏன், சொன்னா?”

“சொல்லுச்சுன்னா கொளுத்திப் போடுவேன்னு சொல்லச் சொன்னாருங்க.” அவன் தரையைப் பார்த்தான். “சொல்லலீன்னா, ஏன் சொல்லலைன்னு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க.”

“சொல்லலைன்னு சொல்லு. அவரு வந்து சொல்லோணும், அதுக்குத்தான் வெச்சுருக்கறன்னு சொல்லு.”

“எங்கப்பன் வர மாட்டாருங்க மாமா. ‘ஏசி ஓடுலைன்னு தெரிஞ்சே எம்மவளக் கூட்டிட்டுப் போனாரு, மொதல்ல தப்புச் செஞ்சது அவருதான்’னு இன்னமும் சொல்லீட்டிருக்காருங்க.”

“கண்ணாடிய ஏத்தச் சொன்னது யாரு?”

பாவாத்தாள் வெளியே வந்து, “உள்ள வா சாமி, தண்ணி குடி” என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் போய்விட்டான். பாவாத்தாள் தண்ணீர்ச் செம்போடு ரோடு வரைக்கும் போய், அவன் தலை மறைகிற வரைக்கும் நின்றாள், திரும்பி வந்து அந்தத் தண்ணீரை வேப்பமரத்தில் ஊற்றினாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சைக் குறைத்தாள்.

அக்கினி நட்சத்திரம் பிறந்து வெயில் முற்றியது. டிரான்ஸ்பார்மர் புகைந்து கரண்ட் நின்றது. மேட்டுக் கோழிப்பண்ணையில் காற்றாடி ஓடவில்லை, கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு இறக்கையை அகட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. அர்த்தநாரி வேலையாட்களை நம்பாமல் தானே தகரக் கூரைமேல் ஏறி, டீசல் இன்ஜின் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார், உச்சிப்பொழுது முழுக்க அடித்தார், கூரையில் பட்ட தண்ணீர் கீழே விழாமல் ஆவியாகப் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் குழாய் மட்டும் கூரையில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அவரை டெம்போவில் படுக்க வைத்துச் சாளைக்குக் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் தூரத்தில் வேறு ஒரு கேஸுக்குப் போயிருந்தது, வந்து சேர நேரமாகும் என்றார்கள், அதுவரைக்கும் உடம்பைக் குளிரப் பண்ணுங்கள் என்று போனில் சொன்னார்களாம், ஊரில் குளிர் இருந்த ஒரே இடம் என் வண்டி. கூட்டம் டெம்போவின் பின்னாலேயே ஓடி வந்தது. அவர் உடம்பில் வேர்வையே இல்லை, அடுப்புக் கல்லாக இருந்தது, கண் பாதி திறந்திருந்தது. நான் சாவியோடு வண்டிக்கு முன்னால் நின்றேன். இவ்வளவு வருஷத்துக்கு அப்புறம் அவர் என் வாசலுக்கு வந்திருந்தார், மூச்சு இருந்தது, வாய் இருந்தது.

“மச்சான்” என்றேன். “ஒரு வார்த்த. சொல்லீட்டு ஏறிக்கங்க.”

“அட மனுசா!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். நந்தகோபால் என் காலில் விழுவதற்குக் குனிந்தான். “மாமா, கதவத் தொறங்க மாமா, நாஞ் சொல்றனுங்க, எத்தன தரம் வேணும்னாலும் நாஞ் சொல்றனுங்க.”

“உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல சாமி. அவரு சொல்லோணும்.”

அர்த்தநாரி என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிரிக்க நாக்கைத் தேடினார். நான் குனிந்தேன், அவர் வாய்க்குப் பக்கத்தில் என் காதைக் கொண்டுபோனேன். ‘வா’ என்று வாய் குவிந்தது. அந்த நேரத்தில் பாவாத்தாள் வந்து என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் என்னிடமிருந்து ஒரு பொருளைப் பிடுங்கியதில்லை. வண்டியை முடுக்கினாள், ஏசியைப் போட்டாள், பின் கதவை விரியத் திறந்தாள், “தூக்குங்கடா எங்கண்ணன” என்றாள்.

தூக்கினார்கள். அவர் தலை உள்ளே போனதும் குளிர் வந்தது, குளிரோடு, என் குரலில், என் இழுப்பில், “வாங்க மச்சான், வாங்க வாங்க” என்று வந்தது.

என் வாய் மூடியிருந்தது. சத்தியமாக மூடியிருந்தது. ஆனால் கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பழனாத்தாள் என் முதுகில் அறைந்து, “சொல்லிப்போட்டயில்ல, அப்பறமென்ன நின்னுட்டு? எடு வண்டிய” என்றாள். என் வார்த்தையை, என்னைக் கேட்காமல், நான் இவ்வளவு வருஷம் செலவு பண்ணாமல் வைத்திருந்த வார்த்தையை, என் வண்டியே எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டது.

கரூர் ரோட்டில் நான் அந்த வண்டியை அப்படி ஓட்டியதில்லை. பின் சீட்டில் பாவாத்தாள் அண்ணன் தலையை மடியில் வைத்து, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நந்தகோபால் முன்னால் உட்கார்ந்து காற்று ஜன்னல்களையெல்லாம் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தான். வெளியே ரோடு கானலில் நெளிந்தது, உள்ளே குளிரில் கண்ணாடி பனித்தது. புகளூர் வாய்க்கால் தாண்டும்போது அர்த்தநாரி பேசினார். தெளிவாகத்தான் பேசினார்.

“வந்துட்டனுங்க மாப்ளே” என்றார்.

வீட்டுக்கு வந்தவர் வரவேற்றவருக்குச் சொல்கிற பதில் அது. அவர் என் வண்டிக்குள் விருந்தாளி, வரவேற்க வேண்டியது நான், அவர் வாயில் ‘வாங்க’ எப்படி வரும்? வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நின்று, கதவைத் திறந்து, இப்போது நான் வந்து நிற்கிறேன் நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கால் பிரேக்குக்குப் போனது. கண்ணாடியில் பாவாத்தாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை எடுத்துவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் மறுபடியும், “குளிரு சுகமா இருக்குதுங்க” என்றார். “அன்னைக்கு இந்தக் குளிரு எங்கீங்க போச்சு?”

பாவாத்தாள், “அண்ணா, பேசாதீங்கண்ணா” என்றாள். அவர் பேசவில்லை. அதற்கப்புறம் பேசவே இல்லை. கடைசி மூச்சிலும் என்மேல் குறைதான் சொன்னார் என்பதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கதவைத் திறந்து பார்த்த டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், உடம்பு ஜில்லென்று இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் குழம்பினார், அப்புறம் தலையை ஆட்டினார்.

அவரைத் திருப்பிக் கொண்டுவந்ததும் கான்டெஸாதான். ஏசியை அணைக்கவில்லை. மேட்டு வீட்டு வாசலில் அதற்குள் பந்தல் போட்டிருந்தார்கள், பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், வண்டியைப் பார்த்ததும் எழுந்தார்கள். அவரை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். பாவாத்தாள், அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டே, தான் பிறந்த வீட்டு நடையைத் தாண்டிப் போனாள், யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. உள்ளே பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிற சத்தம் எழுந்தது.

நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். நந்தகோபால் என்னைக் கண்டு திரும்பி வந்தான். தலைமுடி கலைந்து, முகம் வீங்கி, கையைக் கூப்பிக்கொண்டு கேட்டுக்கு உள்ளே நின்றான். அவனுக்குத் தெரியும், நான் எதற்கு நிற்கிறேன் என்று. அந்த வீட்டு மூத்த ஆண் பிள்ளை இப்போது அவன்தான். அவன் வாயைத் திறந்து, “வா…” என்றான்.

பழனாத்தாள் பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள். “எழவூட்டுல அந்த வார்த்த சொல்லப்படாது கண்ணு. இன்னொரு எழவக் கூப்புடற மாதிரி ஆயிப்போகும்.”

அவன் அவள் கைக்கு மேலாக என்னைப் பார்த்தான். பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள், உரக்கடைக்காரர் போனார், பங்காளிகள் போனார்கள், யார் வாயிலும் ‘வாங்க’ இல்லை, அன்றைக்கு அந்த வாசல் எல்லாருக்கும் ஒரே வாசலாக இருந்தது, எல்லாரும் சும்மா நடந்து போனார்கள். “நீயும் போயேன் சென்னியப்பா, இன்னைக்குத்தான் யாருக்கும் கெடையாதே” என்று பழனாத்தாள் என் காதோரம் சொன்னாள். மற்றவர்களுக்கு அந்த வாசலில் பாக்கி ஒன்றுமில்லை, அவர்கள் போகலாம் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

வெயில் சாயத் தொடங்கியதும் எடுத்தார்கள். கொட்டு முன்னால் வந்தது, நந்தகோபால் நெருப்புச் சட்டியோடு வந்தான், பின்னால் அர்த்தநாரி வந்தார். கேட் குறுகல், நான் ஓரத்தில் நின்றேன், பாடை என் தோளை உரசிக்கொண்டு போயிற்று. போகிறபோது தூக்கி வந்தவர்கள், ஏனென்று தெரியவில்லை, ஒரு நிமிஷம் நின்றார்கள். மாலைக்கு நடுவில் அவர் முகம் எனக்கு நேராக இருந்தது, தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஏதாவது சொல்லுங்கள், கடைசியாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் என்று யாரோ என்னிடம் சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் அவர்தான் சொல்ல வேண்டும்.